குரோசே பின்னல்

குரோசே பின்னல் என்பது, முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியைக் கொண்டு, நூலைக் கண்ணிகளாக ஒன்றினுள் ஒன்று இழுத்துத் துணி உருவாக்கும் கைவினை ஆகும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் இது குரோஷா, குரோசா, கொக்கிப் பின்னல் எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. குழந்தைகளின் சட்டை, தொப்பி, சால்வை போன்ற அணிபொருள்களும், மேசை விரிப்பு, தலையணை உறை, தோரணம், இருக்கை உறை போன்ற வீட்டுப் பொருள்களும் இம்முறையில் செய்யப்படுகின்றன. இரண்டு ஊசிகளால் செய்யப்படும் பின்னலும் இதுவும் உறவுடையவை எனினும், அமைப்பில் வெவ்வேறானவை. ஊசிப் பின்னல் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இயந்திரமயமாகிவிட்டது. குரோசே இன்றளவும் கையாலேயே செய்யப்படுகிறது. இந்த வேறுபாடே இக்கைவினையின் மதிப்பையும், இதனைச் செய்யும் பெண்களின் வருவாய்ச் சிக்கலையும் புரிந்துகொள்ள உதவுகிறது.

பெயர்

குரோசே என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்னும் பொருள் தரும் சொல்லாகும். இச்சொல் ஆங்கிலத்தின் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்தது. தமிழ் பேசும் நிலப்பகுதிகளில் பிரெஞ்சு மொழியுடன் நேரடித் தொடர்பு கொண்டிருந்தவை புதுச்சேரியும் காரைக்காலும் ஆகும். காவிரிக் கழிமுகக் கரையில், அரசலாற்றின் அருகில் அமைந்த காரைக்கால் 1739 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1954 நவம்பர் 1 அன்று அதன் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 ஆகத்து 16 முதல் சட்டப்படியும் அது இந்தியாவின் பகுதியானது.

துளை வேலைப்பாடு கொண்ட அலங்காரத் துணியைக் குறிக்கத் தமிழ்நாட்டில் லேசு என்ற ஆங்கிலச் சொல் வழங்குகிறது. இலங்கைத் தமிழில் இதற்கு ரேந்தை என்று பெயர். இது போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகும்.

ஒத்த பிற கைவினைகளுடன் ஒப்பீடு

குரோசேயைப் பின்வரும் வேலைப்பாடுகளிலிருந்து வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

* ஊசிப் பின்னல்: இரண்டு நீண்ட ஊசிகள் பயன்படுகின்றன. ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியின் மேல் திறந்த நிலையில் இருக்கும். ஒரு கண்ணி நழுவினால் அது ஏணிபோலக் கீழ்நோக்கி அவிழ்ந்து செல்லும். துணி நன்கு இழுபடும். பனியனும் டி சட்டையும் இவ்வமைப்பில் இயந்திரத்தால் பின்னப்பட்ட துணிகளேயாகும். திருப்பூரின் தொழிலுக்குப் பின்னலாடைத் தொழில் என்ற பெயர் இதனால் ஏற்பட்டது.
* குரோசே: பொதுவாக ஒரே ஒரு கண்ணி மட்டுமே திறந்த நிலையில் இருக்கும். முந்தைய கண்ணிகள் அனைத்தும் மூடப்பட்டுவிடும். எனவே வேலையை எவ்விடத்திலும் நிறுத்தலாம், எத்திசையிலும் தொடரலாம். துணி சற்றுத் தடிமனாக இருக்கும். நூலும் கூடுதலாகச் செலவாகும்.
* மீன்வலை பின்னுதல்: காரைக்கால் பகுதியின் கடற்கரைச் சிற்றூர்களில் வலை பின்னுவதும் பழுது பார்ப்பதும் வழக்கமான காட்சிகளாகும். துளைகள் நிறைந்த தோற்றத்தால் வலையும் குரோசேயும் ஒத்தவைபோல் தெரிந்தாலும், வலையில் ஒவ்வொரு சந்திப்பும் இறுகிய முடிச்சு ஆகும். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற முடிச்சுகள் நிலைக்கும். குரோசேயில் முடிச்சு இல்லை, கண்ணிகளே உள்ளன. இறுதிக் கண்ணியை விடுவித்து நூலை இழுத்தால் வேலை முழுவதும் அவிழ்ந்து மீண்டும் நூலாகிவிடும்.
* ஆரி வேலை: இதிலும் கொக்கி ஊசி பயன்படுகிறது. ஆனால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் ஊடாக நூல் இழுக்கப்பட்டுச் சங்கிலித் தையல் உருவாகிறது. துணி இல்லாமல் ஆரி வேலை இல்லை. குரோசேயில் நூலே துணியாகிறது.
* ஒயர் கூடை: நெகிழி ஒயரை முடிந்து கோத்துச் செய்யப்படுவது. இதில் கொக்கி ஊசியின் பணி இல்லை.

கருவிகளும் நூலும்

குரோசே ஊசியின் அளவு அதன் தண்டின் விட்டத்தால் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. மெல்லிய பருத்தி நூலுக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவான எஃகு ஊசிகளும், தடித்த நூலுக்கும் கம்பளிக்கும் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான அலுமினியம், நெகிழி அல்லது மர ஊசிகளும் ஏற்றவை. ஊசிப் பின்னலுக்கான ஊசிகளில் பழைய பிரித்தானிய எண்முறை இந்தியக் கடைகளில் இன்னும் வழக்கில் உண்டு. இதில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். எடுத்துக்காட்டாக, 8 ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டரும், 11 ஆம் எண் ஊசி 3 மில்லிமீட்டரும் விட்டம் உடையவை.

குரோசேக்கான பருத்தி நூல்களிலும் 10, 20, 40 என எண் உயரும்போது நூல் மெல்லியதாகிறது. தமிழ்நாட்டில் மதுரா கோட்ஸ் நிறுவனத்துடன் தொடர்புடைய ஆங்கர் என்னும் வணிகப் பெயரிலான நூலுருண்டைகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை.

காரைக்கால் போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரைப் பகுதியில் நூலின் தேர்வு முக்கியமானது. கம்பளி ஆடைகளுக்கு இங்குத் தேவை குறைவு. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை நகரங்களிலேயே அவை அன்றாட உடையாகின்றன. கடற்கரையில் வியர்வையை உறிஞ்சும் பருத்தி நூலே ஆடைக்கு ஏற்றது. உப்புக்காற்றில் எஃகு ஊசிகள் துருப்பிடித்து வெள்ளை நூலைக் கறைப்படுத்தும். ஆகவே அவற்றைத் துடைத்து மூடிய பெட்டியில் வைத்தல் நன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தடித்த பருத்திப் பின்னல்கள் உலர நேரமாகும். ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சைப் புள்ளிகள் தோன்றும்.

அடிப்படைத் தையல்கள்

குரோசே வேலைகள் அனைத்தும் சில அடிப்படைத் தையல்களின் சேர்க்கைகளே. அவற்றின் உயரமே அவற்றுக்கிடையிலான முதன்மை வேறுபாடு ஆகும்.

* சங்கிலி: ஊசியின் மேல் உள்ள கண்ணியின் வழியே நூலை இழுத்தல். எல்லா வேலைக்கும் இதுவே தொடக்கம்.
* நழுவு தையல்: உயரம் இல்லாத தையல். சுற்றுகளை இணைக்கப் பயன்படுகிறது.
* ஒற்றைத் தையல்: முந்தைய வரிசையின் கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரு கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைக் கொண்டு இரண்டின் வழியும் இழுத்தல் வேண்டும். நெருக்கமான, உறுதியான துணி கிடைக்கும்.
* இரட்டைத் தையல்: ஊசியில் முதலில் ஒருமுறை நூலைச் சுற்றிய பின்னர் கண்ணியில் நுழைத்து, இரண்டிரண்டு கண்ணிகளாக இருமுறை விடுவித்தல். ஒற்றையைவிட ஏறத்தாழ இரு மடங்கு உயரமானது.
* மும்மைத் தையல்: முதலில் இருமுறை நூலைச் சுற்றிச் செய்வது. துளைகள் நிறைந்த, மெல்லிய வேலைக்கு ஏற்றது.

இப்பெயர்கள் அமெரிக்க வழக்கைத் தழுவியவை. பிரித்தானிய வழக்கில் இதே தையல்கள் ஒரு படி உயர்த்திப் பெயரிடப்படுகின்றன. அமெரிக்கரின் ஒற்றை, பிரித்தானியரின் இரட்டை ஆகும். அமெரிக்கரின் இரட்டை, பிரித்தானியரின் மும்மை ஆகும். இந்தியாவில் பழைய நூல்கள் பலவற்றில் பிரித்தானிய வழக்கும், இணையத்தில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கும் காணப்படுகின்றன. எந்த வழக்கு என அறியாமல் ஒரு செய்முறையைப் பின்பற்றினால் பொருளின் அளவும் வடிவமும் மாறிவிடும். செய்முறையில் ஒற்றைத் தையல் என்ற சொல்லே இல்லாவிடின் அது பிரித்தானிய வழக்காக இருக்க வாய்ப்பு மிகுதி.

வட்டம் பின்னுதலும் அதன் கணிதமும்

தட்டையான வட்டம் பின்னுவதே விரிப்பு, தொப்பி, பை ஆகிய பல பொருள்களின் அடிப்படை. ஒற்றைத் தையலில் இதன் விதி எளிமையானது. முதல் சுற்றில் 6 தையல்கள் இடப்படும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் 6 தையல்கள் கூட்டப்படும். அதாவது சுற்றுகளின் தையல் எண்ணிக்கை 6, 12, 18, 24, 30 என வளரும்.

இதன் காரணம் வட்டத்தின் சுற்றளவு வாய்பாட்டில் உள்ளது. ஒரு சுற்று கூடும்போது வட்டத்தின் ஆரம் ஒரு தையலின் உயரத்தால் கூடுகிறது. எனவே சுற்றளவு அவ்வுயரத்தைப் போல் ஏறத்தாழ 6.28 மடங்கு கூடவேண்டும். ஒற்றைத் தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம் என்பதால், கூட்டவேண்டிய தையல்கள் ஏறத்தாழ 6 ஆகின்றன. இரட்டைத் தையல் இரு மடங்கு உயரமானது என்பதால் அதற்கு ஒரு சுற்றுக்கு 12 தையல்கள் கூட்டப்படுகின்றன.

இந்த விதியிலிருந்து விலகினால் வேறு வடிவங்கள் கிடைக்கின்றன.

* கூட்டுவதை இடையில் நிறுத்தினால் துணி கீழ்நோக்கி வளைந்து கிண்ண வடிவம் பெறும். காரைக்கால், நாகூர் முதலிய கடற்கரை ஊர்களில் இசுலாமியர் தொழுகையின்போது அணியும் வலைத்துளைத் தொப்பியின் வடிவம் இவ்வாறே உருவாகிறது. உச்சியில் வட்டமாகத் தொடங்கி, தலையின் அளவை எட்டியதும் தையல் எண்ணிக்கையைக் கூட்டாமல் பக்கச்சுவர் பின்னப்படுகிறது.
* விதியைவிடக் கூடுதலாகக் கூட்டினால் விளிம்பு அலை அலையாக மடியும். கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா தைமினா 1997 இல் இப்பண்பைப் பயன்படுத்தி, அதிபரவளையத் தளம் எனப்படும் வடிவியல் பரப்பைத் தொட்டுணரத்தக்க குரோசே உருவாகச் செய்து காட்டினார். அதே முறையில் பவளப்பாறை உருவங்களைப் பின்னும் திட்டம் ஒன்றை மார்கரெட் வெர்தைம், கிறிசுடின் வெர்தைம் என்னும் சகோதரிகள் 2005 இல் தொடங்கினர்.

வரலாறு

ஊசிப் பின்னல் பழமையானது. எகிப்தில் நடுக்காலத்தைச் சேர்ந்த பின்னப்பட்ட பருத்திக் காலுறைகள் கிடைத்துள்ளன. இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589 இல் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். குரோசேக்கு இத்தகைய தொன்மையான சான்றுகள் இல்லை. இன்று அறியப்படும் அச்சிட்ட குரோசே வடிவங்களுள் மிகப் பழையவை 1823 இல் பெனலோப்பே என்னும் டச்சு இதழில் வெளிவந்தவை. இந்தியா உள்ளிட்ட கீழை நாடுகளில் இருந்து 18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற கொக்கித் தையலில், அதாவது ஆரி வேலையை ஒத்த முறையில், அடித்துணியை நீக்கியதால் குரோசே தோன்றியிருக்கலாம் என்று கருதுவோரும் உளர்.

1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயால் தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது குரோசே ஒரு துயர்தணிப்புத் தொழிலானது. கன்னியர் மடங்கள் இதனைக் கற்பித்தன. வெனிசு நகரின் விலையுயர்ந்த ஊசி ரேந்தையைப் போன்ற தோற்றத்தைக் குறைந்த நேரத்தில் குரோசேயால் பெற முடிந்தமையால் அது விரைவில் விற்பனையாயிற்று. வறுமைக்கு உள்ளான பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்து, தொலைவிலுள்ள செல்வர்களுக்கு விற்கும் பொருள் என்ற இந்த முறை பின்னர் இந்தியாவிலும் தோன்றியது.

தென்னிந்தியாவில்

தென்னிந்தியாவில் ரேந்தை வேலை கிறித்தவ மறைப்பணி நிலையங்களின் வழியாகப் பரவியது. இலண்டன் மிசனரி சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு இவ்வேலையைக் கற்பித்தார். விற்பனை வருவாய் பெண்கள் பள்ளியை நடத்த உதவியது. அவருடைய மகள் எலைசா, மொழியியலாளர் இராபர்ட் கால்டுவெல்லை 1844 இல் மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இதனைத் தொடர்ந்தார். இவ்விரு இடங்களிலும் செய்யப்பட்டது, பல சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மெத்தையின் மேல் குறுக்கிட்டுச் செய்யும் ரேந்தை ஆகும். இது குரோசேயிலிருந்து வேறானது.

குரோசே பெருந்தொழிலாக வேரூன்றிய இடம் ஆந்திரப் பிரதேசத்தின் நர்சாபூர் ஆகும். கோதாவரிக் கழிமுகத்தில் அமைந்த இவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் 19 ஆம் நூற்றாண்டில் மறைப்பணியாளர்கள் தொடங்கிய இவ்வேலை, 20 ஆம் நூற்றாண்டில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. நர்சாபூர் குரோசே பொருள்களுக்கு 2024 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

காவிரிக் கழிமுகத்தில் இதற்கு ஒப்பான தொழில் மையம் உருவாகவில்லை. காரைக்கால் உள்ளிட்ட பகுதிகளில் குரோசே பெரும்பாலும் வீட்டுக் கைவேலை ஆகும். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் விரிப்பு, தட்டு மூடி, வாயில் தோரணம், இருக்கையின் தலைசாய்ப்பு உறை ஆகியன தமிழர் வீடுகளில் பரவலாகக் காணப்பட்டவை. தலைசாய்ப்பு உறைக்குச் சுவையான பின்னணி உண்டு. 19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்கள் பூசிய மக்காசர் எண்ணெய் இருக்கைகளைக் கறைப்படுத்தாமல் இருக்க இவ்வுறை தோன்றியது. தேங்காய் எண்ணெய் தேய்க்கும் தமிழர் வீடுகளில் அதே பணி தொடர்ந்தது. தட்டையான தொலைக்காட்சிகள் வந்தபின் மேல்விரிப்புக்கு இடமில்லாது போயிற்று. கைபேசிப் பை, சாவிக்கொத்துப் பொம்மை, குழந்தைக் காலணி போன்றவை அதன் இடத்தைப் பிடித்துள்ளன.

சென்னையைத் தளமாகக் கொண்ட மதர் இந்தியாசு குரோசே குயின்சு என்னும் குழுவின் முயற்சியில், 2016 சனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோசே போர்வை காட்சிப்படுத்தப்பட்டுக் கின்னசு உலக சாதனையாகப் பதிவானது. பல இடங்களில் உள்ள பெண்கள் தனித்தனியே பின்னி அனுப்பிய சதுரங்களை இணைத்து இது உருவாக்கப்பட்டது. தனித்தனிச் சதுரங்களாகப் பின்னிப் பின்னர் ஒன்றிணைக்க இயலும் என்ற குரோசேயின் இயல்பே இத்தகைய கூட்டுப்பணிக்கு அடிப்படையாகும்.

இயந்திரமும் கைவேலையும்

ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் திறந்திருப்பதால், ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் ஊசி வைத்து முழு வரிசையையும் ஒருசேரப் பின்ன இயந்திரத்தால் முடிகிறது. குரோசேயில் ஒரு தையல் முடிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க முடியும். அதுவும் ஏற்கெனவே மூடப்பட்ட கண்ணியைத் தேடி, ஊசியை அதனுள் நுழைத்தாக வேண்டும். ஆய்வுக்கூட முன்மாதிரிகள் இருப்பினும் வணிக அளவில் உண்மையான குரோசேயைச் செய்யும் இயந்திரம் புழக்கத்தில் இல்லை. குரோசே இயந்திரம் என்ற பெயரில் விற்கப்படுபவை, அதன் தோற்றத்தை ஒத்த வேறுவகைப் பின்னலையே செய்கின்றன.

எனவே கடையில் உள்ள உண்மையான குரோசே பொருள் எதுவாயினும், எவ்வளவு மலிவாயினும், அதன் ஒவ்வொரு தையலும் ஒருவர் கையால் இட்டதாகும். குறைந்த விலைக்கு இயந்திரம் காரணமாக இருக்க முடியாது. இயந்திரப் போலியை அறிய, பொருளின் பின்புறத்தைப் பார்க்கலாம். போலியில் நீளவாக்கில் ஓடும் நேர்த்தியான இணைகோடுகளும், வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்த தடயமும் பெரும்பாலும் காணப்படும். கையால் பின்னியதில் ஒவ்வொரு தையலும் அடுத்ததைத் தழுவி நிற்கும். வட்டம் நடுவில் தொடங்கி வெளிநோக்கி வளரும்.

உழைப்பும் ஊதியமும்

செருமானியச் சமூகவியலாளர் மரியா மீசு, நர்சாபூர் ரேந்தைப் பெண்களைப் பற்றிய தமது ஆய்வை 1982 இல் நூலாக வெளியிட்டார். உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணிநேரம் உழைத்த பெண்கள், தொழிலாளராகக் கருதப்படாமல் ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர் என்றும், அதனாலேயே மிகக் குறைந்த கூலி நியாயப்படுத்தப்பட்டது என்றும் அவர் காட்டினார். நூல் வழங்குதல், சேகரித்தல், விற்றல் ஆகியவை பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தன. பெண்ணியப் பொருளியலில் இந்நூல் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

விலை குறைவாக அமைவதற்குக் கணக்கீட்டுப் பிழையும் ஒரு காரணமாகும். மேலே கூறிய வட்ட விதிப்படி ஒரு வட்டத்தின் மொத்தத் தையல்களைக் காண, சுற்றுகளின் எண்ணிக்கையை அதனுடன் ஒன்று கூட்டிய எண்ணால் பெருக்கி, விடையை மீண்டும் மூன்றால் பெருக்க வேண்டும். நிமிடத்திற்கு 10 தையல்கள் எனக் கொண்டால் கிடைக்கும் நேரம் வருமாறு:

* 8 சுற்றுகள்: 216 தையல்கள், ஏறத்தாழ 22 நிமிடங்கள்
* 40 சுற்றுகள்: 4,920 தையல்கள், ஏறத்தாழ 8 மணி 12 நிமிடங்கள்
* 80 சுற்றுகள்: 19,440 தையல்கள், ஏறத்தாழ 32 மணி 24 நிமிடங்கள்

விரிப்பின் விட்டம் இரு மடங்கானால் உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. விட்டத்தைப் பார்த்து இரு மடங்கு விலை மட்டும் பெறுபவர், தம் உழைப்பில் பாதியை இழக்கிறார். மணிக்கு 60 ரூபாய் என எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், 80 சுற்று விரிப்பின் கூலி மட்டும் 1,944 ரூபாய் ஆகும். நூல் விலை இதற்கு மேற்பட்டது. துண்டு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி பேசுவோர், முதலில் ஒரு மாதிரியைப் பின்னி நேரத்தை அளந்த பின்னர் பேசுதல் இக்காரணத்தால் பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டிலிருந்து உழைப்போரைத் தொழிலாளராக ஏற்கும் உடன்படிக்கை ஒன்றைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996 இல் நிறைவேற்றியது. இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. எனினும் 2008 ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டிலிருந்து உழைப்போரையும் வரையறைக்குள் கொண்டுவந்தது.

பராமரிப்பு

பருத்திக் குரோசேயைக் குளிர்ந்த நீரில் மென்மையான சவர்க்காரம் இட்டுக் கையால் அலசலாம். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை அகற்றுதல் வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையால் நீண்டுவிடும். ஆகையால் தட்டையான பரப்பில் விரித்து, வடிவம் கெடாதவாறு ஊசி குத்தி நிழலில் உலர்த்துவது வழக்கம். மேசை விரிப்புகளுக்கு அரிசிக் கஞ்சி போட்டால் விளிம்புகள் விறைத்து நிற்கும். கஞ்சியுடன் நெடுநாள் மடித்து வைத்தால் பூச்சிகள் அரிக்கும் என்பதால், எடுத்து வைப்பதற்கு முன்னர் அதனை அலசி நீக்குதல் நன்று.

இவற்றையும் பார்க்க

* ஊசிப் பின்னல்
* ஆரி வேலை
* திருப்பூர் பின்னலாடைத் தொழில்
* நர்சாபூர்
* காரைக்கால்